இதயத்தைக் கண்ட கருவிகளும் தோட்டத்து மக்களும்

மனித இதயத்தின் படங்களை வாசிப்பதற்குச் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்படுவது இன்று பெரும் புதுமையாகப் பேசப்படுகின்றது. வைத்தியர் பல ஆண்டுகள் பயின்று பெறும் பார்வையைக் கணினியொன்று சில வினாடிகளிற் காட்டுவது வியப்பிற்குரியதே. ஆயினும் வரலாறு பயிலும் மாணவர் அவ்வியப்போடு நின்றுவிடல் ஆகாது. ஒரு கருவி யாருடைய நோயைக் காண்பதற்காகத் தோன்றியது, பின்னர் யாருடைய கைக்குச் சென்றது, யாரை எட்டாமல் நின்றது என்னும் வினாக்களும் எழுப்பப்படல் வேண்டும். இவ்வினாக்களை இரத்தினபுரி மாவட்டத்துக் கொடகவெல, இறக்குவானை, காவத்தைப் பகுதிகளின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நின்று எழுப்ப இக்கட்டுரை முயல்கின்றது. கொடகவெல எனது ஊர் என்பது இத்தெரிவுக்கு ஒரு காரணம். மற்றைய காரணம் அதனினும் வலியது. ஒலியால் இதயத்தைப் படம்பிடிக்கும் கலை எந்நோயின் பொருட்டுப் பிறந்ததோ, அந்நோய்க்கு இடங்கொடுக்கும் வாழ்க்கைச் சூழல் லயக் காம்பராக்களில் இன்றும் முற்றாக மாறிவிடவில்லை.

1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து நெக்கர் வைத்தியசாலையிற் பணியாற்றிய ரெனே லயனெக், பருத்த உடலுடைய இளம்பெண் ஒருத்தியின் மார்பிற் காதை வைத்துக் கேட்கத் தயங்கிக் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன்வழி நெஞ்சொலியைக் கேட்டார். அவரது நூல் 1819இல் வெளிவந்தது. அதுவரை நோயாளி தன் வாயாற் கூறும் கதையே வைத்தியருக்குத் தலையாய சான்றாக இருந்தது. குழல் வந்தபின் உடலே நேராகச் சாட்சி சொல்லத் தொடங்கிற்று. நோயாளியின் வாய்மொழி சற்றுப் பின்தள்ளப்பட்டது. மருத்துவ வரலாற்றாசிரியர் சிலர் இதனை ஓர் இழப்பாகக் கொள்வர். அவர்கள் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், வைத்தியரும் தாதியரும் பேசும் மொழியைச் சரளமாகப் பேசமாட்டாத ஒரு தோட்டத் தொழிலாளியின் நிலையிலிருந்து நோக்கினால் இவ்விழப்பு வேறொரு வடிவம் பெறும். அவளுடைய கதை குழல் வருமுன்னரும் கேட்கப்பட்டதில்லை. உடலின் சாட்சியை நேரே கேட்கும் கருவி அவளுக்கு ஓரளவு நன்மையே செய்தது.

அடுத்து வந்தவற்றுள் இரண்டினை மாத்திரம் குறிப்பிடுவது போதுமானது. 1895இல் ரொண்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் இதயத்தின் நிழலைக் காட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லெம் ஐந்தோவன் அதன் மின்னோட்டத்தைக் கோடாக வரைந்தார். ஐந்தோவன் ஒல்லாந்தரின் குடியேற்ற நாடாயிருந்த சாவகத்தின் செமராங்கில் 1860இற் பிறந்தவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. அவரது முதற் கருவி ஐவர் கூடி இயக்கவேண்டிய பேரியந்திரமாகையால் அதனை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல இயலவில்லை. எனவே லெய்டன் நகரில் வைத்தியசாலைக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த தமது ஆய்வுகூடத்துக்குமிடையே தொலைபேசிக் கம்பியை இணைத்து, 1905இல் நோயாளரின் இதயத் துடிப்பை அக்கம்பி வழியே பெற்றுப் பதிவுசெய்தார். நோயாளி ஓரிடத்திலும் நோயை வாசிப்பவர் பிறிதோரிடத்திலும் இருக்கலாம் என்பது இவ்வாறு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவப்பட்டுவிட்டது. பின்தங்கிய பகுதிகளுக்குத் தொலைவழி மருத்துவம் இப்போதுதான் சாத்தியமாயிற்று என்று கூறப்படும்போதெல்லாம் இக்கம்பி என் நினைவுக்கு வருவதுண்டு.

நமது பொருளுக்கு மிக இன்றியமையாத நிகழ்ச்சி சுவீடனில் நடைபெற்றது. லுண்ட் பல்கலைக்கழக வைத்தியசாலையின் இதய வைத்தியர் இங்கே எட்லர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்நோக்கியிருந்தார். இடச் சோணையறைக்கும் இட இதயவறைக்கும் இடையிலுள்ள இருகூர் வால்வு சுருங்கிய நோயாளருக்குச் சத்திரசிகிச்சை அப்போது வழக்கிற்கு வந்திருந்தது. ஆனால் வால்வு சுருங்கியுள்ளதா அன்றி மூடாமற் கசிகின்றதா என்று நெஞ்சைத் திறக்குமுன் திட்டமாக அறிய வழியில்லை. கசியும் வால்வை அகலத் திறப்பது நோயாளிக்குக் கேடாய் முடியும். எட்லர் பௌதிகவியலாளரான கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸை நாடினார். மல்மோ நகரின் கொக்கும்ஸ் கப்பல் கட்டும் தளத்தில், உலோகத்தினுள் மறைந்துள்ள வெடிப்புகளைக் கழியொலி கொண்டு சோதிக்கும் கருவியொன்று இருந்தது. அத்தகைய கருவியை மனித மார்பில் வைத்து 1953 ஒக்டோபரில் இருவரும் இதயத்தின் அசைவைப் பதிவுசெய்தனர். இன்று நாம் எக்கோ என்று கூறும் பரிசோதனையின் பிறப்பு இதுவேயாகும்.

எட்லரின் நோயாளருக்கு இருகூர் வால்வு சுருங்கியமைக்குக் காரணம் பெரும்பாலும் வாதக் காய்ச்சல். சிறுவயதில் ஸ்ரெப்ரோகொக்கசு என்னும் பற்றீரியாவினால் தொண்டை புண்ணாகின்றது. அது ஆறியபின் உடலின் எதிர்ப்பாற்றல் திசைமாறித் தன் மூட்டுகளையும் இதய வால்வுகளையுமே தாக்குகின்றது. மூட்டுவலி நீங்கிவிடும்; வால்வில் ஏற்பட்ட தழும்பு நீங்காது. பலர் நெருங்கி உறங்கும் சிறிய அறைகளில் இப்பற்றீரியா ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எளிதிற் பரவும். ஆகவேதான் இது வறியவர் நோய் எனப் பெயர்பெற்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் மலிந்திருந்த இந்நோய் அங்கு அருகிப்போனமைக்குப் பெனிசிலின் துணைபுரிந்தது உண்மையே. ஆனால் பெனிசிலின் வழக்கிற்கு வருமுன்னரே, வீடுகள் விசாலமாகி நெருக்கடி குறைந்த காலத்திலேயே, நோயும் குறையத் தொடங்கிவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என அளந்து கட்டப்பட்ட லயக் காம்பராவில் மூன்று தலைமுறையினர் ஒருங்கே வாழ்ந்த வரலாற்றை அறிந்தவர்கள் இவ்வுண்மையின் பொருளை எளிதில் உணர்வர்.

எனது சின்னம்மாவைப் பற்றி ஈண்டு கூறவேண்டியுள்ளது. கொழுந்துக் கூடையுடன் மலை ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்கும். அதனை எல்லோரும் இழுப்பு என்றனர். தோட்டத்து மருந்துச்சாலையில் இழுப்புக்கு மருந்து கொடுத்தார்கள். துண்டு பெற்று வெளியே சென்றபோது அங்கும் அதற்கே மருந்து கிடைத்தது. சிறுபிராயத்தில் முழங்கால் வீங்கிப் பல நாள் நடக்கமுடியாது கிடந்தமையை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதனைச் சிங்களத்தில் விளக்க அவருக்கு மொழி போதாது. இரண்டாவது குழந்தையைச் சுமந்திருந்த ஆறாம் மாதத்தில் ஓரிரவு படுக்கவியலாமல் நுரைத்த சளியைத் துப்பியவாறு உட்கார்ந்திருந்தார். கர்ப்ப காலத்தில் உடலில் இரத்தத்தின் அளவு பெருகும். சுருங்கிய வால்வு அதற்கு வழிவிடாதபோது நுரையீரலில் நீர் தேங்கும். அன்றுதான் அவருக்கு முதன்முறையாக எக்கோ எடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 26. சுவீடனிலே கப்பற்தளத்துக் கருவி மனித மார்பிற் பட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்திருந்தது.

முன்னரே கண்டிருந்தால் பயன் விளைந்திருக்குமா என்பது நியாயமான வினா. இதற்கு இரு ஆய்வுகள் விடை தருகின்றன. கம்போடியாவிலும் மொசாம்பிக்கிலும் பாடசாலைச் சிறுவரிடையே நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஆய்வில், நெஞ்சொலிக் குழலால் முறையே 8 பேரிடமும் 5 பேரிடமும் காணப்பட்ட வாத இதய நோய், எக்கோவால் நோக்கியபோது 79 பேரிடமும் 66 பேரிடமும் காணப்பட்டது. உகண்டாவில் 102,200 சிறுவர் எக்கோவாற் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் நோயின் தொடக்க நிலையிலிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நான்கு வாரத்துக்கொருமுறை பெனிசிலின் ஊசி ஏற்றப்பட்டது. ஈராண்டின் பின் ஊசி பெற்ற 399 பேருள் மூவருக்கும், பெறாத 400 பேருள் 33 பேருக்கும் நோய் முற்றியிருந்தது. இம்முடிவு 2021இல் வெளியிடப்பட்டது. மலிவான ஒரு பழைய மருந்து இத்துணை வேறுபாட்டை ஏற்படுத்துமாயின், யாருக்கு அதனைக் கொடுப்பது என்று அறிவதே எஞ்சிய பணி. அதற்கு இலட்சக்கணக்கான சிறுவரின் இதயத்தை நோக்கவேண்டும். நோக்குவதற்கு இதய வைத்தியர் எங்கே? இவ்விடத்திலேதான் செயற்கை நுண்ணறிவு நமது கதைக்குள் நுழைகின்றது.

இயந்திரம் இதயத்தை வாசிப்பது முற்றிலும் புதியதன்று. மின்னிதயவரைபைக் கணினிகொண்டு வாசிக்கும் முயற்சி 1950களின் இறுதியிலேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. அன்று விதிகளை மனிதரே எழுதிக் கொடுத்தனர். 2012இன் பின் பரவிய முறை வேறு. வல்லுநர் குறித்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களைக் கணினியின் முன் வைப்பர். அது ஒரு விடையைக் கூறும். வல்லுநர் விடையிலிருந்து எவ்வளவு விலகியது என்று கணித்துத் தன் உள்ளெண்களைச் சிறிது திருத்திக்கொள்ளும். இவ்வாறு பல இலட்சம் முறை திருந்தித் திருந்தி விதியைத் தானே அமைத்துக்கொள்கின்றது. வீட்டில் தாய்க்கருகில் நின்று கொழுந்தின் முதிர்ச்சியைக் கண்ணாற் பழகிக்கொள்ளும் சிறுமியைப் போன்றது இது எனலாம். என்ன விதியென்று கேட்டால் இருவராலும் சொல்லமுடியாது.

2017இல் இதயத்தின் காந்தப் படங்களை இம்முறையில் அளவிடும் ஆர்ட்டெரிஸ் நிறுவனத்தின் மென்பொருளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது. 2020இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 10,030 எக்கோ ஒளிப்பதிவுகளைக் கொண்டு பயிற்றிய முறையொன்றை வெளியிட்டனர். இட இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியேற்றுகின்றது என்பதை அது கணித்துக் கூறும். அதே ஆண்டில் கப்ஷன் ஹெல்த் என்னும் நிறுவனத்தின் மென்பொருள் அனுமதி பெற்றது. இது படத்தை வாசிப்பதோடு அமையாது, கருவியைப் பிடித்திருப்பவருக்குக் கையை எப்பக்கம் திருப்பவேண்டும் என்றும் வழிகாட்டும். எக்கோ எடுத்துப் பழகாத எட்டுத் தாதியர் இதன் துணையோடு 240 நோயாளரைப் பரிசோதித்தபோது, அவர்களுள் 237 பேரின் படங்கள் இட இதயவறையின் பருமனையும் செயற்பாட்டையும் அறியப் போதுமானவையாக அமைந்தன. என் கருத்தில் இம்மூன்றனுள்ளும் தோட்டங்களுக்கு மிகவும் பொருத்தமானது இறுதியாகக் கூறியதே. தோட்டத்தில் டொக்டரையா என்றழைக்கப்படும் மருத்துவ உதவியாளரோ, வீடு வீடாகச் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தரோ கையடக்கமான கருவியொன்றைச் சிறுவரின் மார்பில் வைத்து நல்ல படமெடுக்கலாம் என்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் மேற்கூறிய கணிப்பொறிகள் எவ்வினாவுக்கு விடைகூறப் பயிற்றப்பட்டன என்பதை ஊன்றி நோக்கவேண்டும். செல்வ நாடுகளில் இன்று பெருகியுள்ளது மாரடைப்பும் அதனால் நலிந்த இதயவறையுமாகும். எனவே இதயவறை எத்தனை வீதம் இரத்தத்தை வெளியேற்றுகின்றது என்பதே அங்கு முதல் வினா. இயந்திரமும் அதிலேயே முதலில் தேர்ச்சி பெற்றது. இருகூர் வால்வு மாத்திரம் சுருங்கிய இதயத்திலோ, இடருறுவது இதயவறைக்கு மேலுள்ள வாயில். இதயவறை பெரும்பாலும் நன்றாகவே சுருங்கி விரியும். அந்த வீதத்தை மட்டும் கணிக்கும் இயந்திரத்திடம் என் சின்னம்மாவின் படத்தைக் காட்டியிருந்தால் குறையொன்றுமில்லை என்றே அது கூறியிருக்கும். அது பொய்யன்று. கேட்ட கேள்விக்குச் சரியான விடை, கேள்விதான் வேறொருவருடையது. வால்வு நோயின் பொருட்டுப் பிறந்த கருவி, அந்நோய் நீங்கிய நாடுகளில் வளர்ந்து, பிறந்த காரணத்தைப் பாதி மறந்துவிட்டது.

வாத இதய நோயைக் காண்பதற்கென இயந்திரத்தைப் பயிற்றும் முயற்சி இல்லாமலில்லை. வாஷிங்டனிலுள்ள சிறுவர் வைத்தியசாலையொன்றின் ஆய்வாளர் 511 சிறுவரின் எக்கோ படங்களைக் கொண்டு செய்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. 10,030 எங்கே, 511 எங்கே! வறியவர் நோய்க்குப் படச் சேமிப்பும் வறியதாகவே இருக்கின்றது.

வரலாறு பயில்வோர்க்கு இது பழகிய சிக்கலே. ஆவணம் யாரைக் குறித்தது, யாரை விட்டது என்பதே நமது முதற் கேள்வியன்றோ? தோட்டத்துச் செக்ரோலில் ஒருவரின் முழுப்பேரும் அரைப்பேரும் நாள் தவறாது பதியப்பட்டன; அவர் உடலில் நேர்ந்தவை பதியப்படவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கும் தான் கண்ட ஆவணமே உலகம். பிரித்தானியாவின் பெருந்தொகுப்பொன்றிலுள்ள இதயப் படங்களை ஆராய்ந்த லண்டன் கிங்ஸ் கல்லூரியினர், பெரும்பான்மையாக வெள்ளையரின் படங்களாற் பயின்ற இயந்திரம் பிற இனத்தவரின் இதய எல்லைகளை வரைவதில் அதிகம் தவறுவதைக் காட்டினர். இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டுத் தமிழகத்திலுண்டு. அது இதயமன்று, கண். நீரிழிவால் விழித்திரையில் ஏற்படும் கேட்டைக் கண்டறியக் கூகுள் நிறுவனத்தார் பயிற்றி 2016இல் வெளியிட்ட முறையில், அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களும் இடம்பெற்றன. பல்லாண்டுகளாக ஏழை எளியோரின் கண்களைப் படமெடுத்துப் பேணி வந்தமையாலேயே தமிழரின் கண் அவ்வியந்திரத்தின் பாடநூலில் ஏறியது. ஆயின் பாடநூலிற் சேர்ந்தவுடன் எல்லாம் நிறைவுறுவதில்லை என்பதற்குத் தாய்லாந்து சான்று. அங்கு இதே முறையைக் கிராமிய மருந்தகங்களிற் பயன்படுத்தியபோது, 1,838 படங்களுள் 21 வீதமானவற்றை இயந்திரம் வாசிக்க மறுத்தது. அறையில் போதிய இருள் இல்லை, இணையம் மெதுவானது, திருப்பியனுப்பப்பட்டவர் நெடுந்தூரம் பயணஞ்செய்யவேண்டும்.

தோட்ட மக்கள் பெருந்திரளாகப் பரிசோதிக்கப்படுவது இது முதன்முறையாகவும் இராது. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தினர் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினர். நுணுக்குக்காட்டியோடு வந்தனர், மலத்தைச் சோதித்தனர், ஏறத்தாழ எல்லோரிடமும் புழுவைக் கண்டனர், மருந்தூட்டினர். சோகை நீங்கினால் வேலை பெருகும் என்பதால் துரைமாரிற் பலர் ஒத்துழைத்தனர். ஆனால் மலசலகூடங்களைக் கட்டுவதற்குச் செலவாகும் என்றபோது அவ்வூக்கம் தளர்ந்தது. வெறுங்காலோடு நடந்தவர்கள் அதே மண்ணில் மீண்டும் புழுவைப் பெற்றனர். இந்த அனுபவத்தின் பின்னரே நோய்த்தடுப்பை ஊர்மட்டத்தில் நிரந்தரமாகச் செய்யும் சுகாதாரப் பிரிவு 1926இற் களுத்துறையில் தோன்றியது என்பது நோக்கற்பாலது. அத்தகைய பிரிவுகளின் பணி ஊர்களுக்கு விரிந்த அளவு தோட்டங்களை எட்டவில்லை. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் முதலாகத் தோட்ட மருத்துவம் தனிவழியே சென்றது. 1990களிலே தொடங்கிய, தோட்ட வைத்தியசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கும் முயற்சி இன்றும் முற்றுப்பெறவில்லை.

ஆகவே கொடகவெலப் பகுதித் தோட்டமொன்றிலே இவ்வியந்திரம் ஒரு சிறுமியின் வால்விற் குறை கண்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று அல்லது நான்கு வாரத்துக்கொருமுறை, பல ஆண்டுகள், அவளுக்கு ஊசி ஏற்றவேண்டும். ஆண்டுக்கு 13 முதல் 17 தடவைகள். ஊசி தோட்டத்திலேயே கிடைக்காவிடின் ஒவ்வொரு தடவையும் தாயொருத்தி ஒரு நாட் பேரை இழந்து, மலையிறங்கி, பஸ் பிடித்துக் காவத்தைக்கோ இரத்தினபுரிக்கோ செல்லவேண்டும். காம்பராவில் எண்மர் உறங்குவது தொடருமாயின் அவளது தம்பியின் தொண்டையும் புண்ணாகும். இவை எவையும் இயந்திரத்தின் குறைகள் அல்ல. கணிப்பொறியை வாங்குவதற்கு எழுதப்படும் திட்டத்தில் ஊசிக்கும் பஸ்ஸுக்கும் வீட்டுக்கும் இடமுண்டா என்பதை அத்திட்டத்தை எழுதுவோரிடமே கேட்கவேண்டும். 1916இல் அவ்வாறு கேட்பதற்குத் தோட்டத்திலிருந்து எவரும் இருக்கவில்லை. இன்று தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்தோர் மருத்துவ பீடங்களிலும் கணினித் துறைகளிலும் உள்ளனர்.

சின்னம்மாவுக்குப் பிள்ளை பிறந்த பின்னர், யப்பானியரான கஞ்சி இனோவே 1984இல் அறிவித்த முறையில், தொடை நாளத்தின் வழியே பலூன் செலுத்தி வால்வு விரிக்கப்பட்டது. இப்போது ஆண்டுக்கொருமுறை எக்கோ எடுக்கின்றார். சென்ற முறை துணைக்கு நான் சென்றிருந்தேன். புதிய கருவி. படம் தோன்றியதும் இட இதயவறையைச் சுற்றி மஞ்சட் கோடொன்று தானாகவே வரையப்பட்டு, மூலையில் ஓர் எண் விழுந்தது. நல்ல எண். பரிசோதகர் அதனைப் பார்த்துத் தலையசைத்தார். பின்னர் கருவியைச் சற்றுத் திருப்பி, வால்வின் வாயைத் திரையிற் கொணர்ந்து நிறுத்தி, அதன் விளிம்பைப் புள்ளி புள்ளியாகத் தம் கையாலேயே குறித்து அளக்கத் தொடங்கினார்.